மறந்துபோன வெள்ளிக்கிழமை

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் புனித வென்செஸ்லாஸ் பங்குக் கூடத்துக்குள் நுழைந்தவர்கள் மீன் பொரித்த எண்ணெய் வாசனையோடுதான் வீடு திரும்புவார்கள். கோட்டில் ஏறிய வாசனை ஈஸ்டர் வரைக்கும் போகாது. அதனால் பெர்னடெட் நொவோட்னி வெள்ளிக்கிழமைக்கென்றே ஒரு பழைய ஸ்வெட்டர் வைத்திருந்தாள். அன்றும் அதைப் போட்டுக்கொண்டு, முழங்கை வரைக்கும் கையை விட்டு முட்டைக்கோஸ் சாலட்டைப் பிசைந்துகொண்டிருந்தாள். கை தன் பாட்டுக்குப் பிசைந்தது. மனசு அயோவாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு காரின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

அவள் கணவன் வெய்ன் நெப்ராஸ்காவின் செனட்டர். நாலு வருஷத்துக்கு முன்னால் வரைக்கும் விதைச் சோளம் விற்றவன். இப்போது அவன் பேர் நாடு முழுக்க அடிபட்டது. அதிபர் தேர்தலுக்கு நிற்கப்போவதாகத் திங்கட்கிழமை அறிவிப்பதற்கு ஓமஹாவில் மேடையெல்லாம் ஏற்பாடாகிவிட்டது. ஆனால் அறிவிப்பதா வேண்டாமா என்பது பெர்னடெட் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. "பெர்னா சரின்னா சரி. இல்லன்னா இல்ல" என்று அவன் தன் ஆலோசகர்களிடம் சொல்லியிருந்தான். தொலைக்காட்சியிலும் சொன்னான். எல்லா அரசியல்வாதிகளும் இப்படித்தான் மனைவியை இழுப்பார்கள் என்று ஊர் உலகம் நினைத்துக்கொண்டது. அவன் நிஜமாகவே சொன்னான் என்பது பெர்னடெட்டுக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பாரம் அவளுக்குப் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் பதில் சொல்கிறேன் என்றிருந்தாள்.

சரி என்று சொல்லத்தான் வந்திருந்தாள். ஜெபித்துப் பார்த்தாள், எதுவும் குறுக்கே நிற்கவில்லை. இல்லாத பணத்தை அரசாங்கம் செலவழிக்கக் கூடாது, குடும்பத்தையும் கோயிலையும் அதது தன் போக்கில் வாழ விட வேண்டும், கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்பதையெல்லாம் வெய்ன் மேடைக்காகப் படித்துக்கொண்டவன் இல்லை. விதை மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டே பேசிக்கொண்டிருந்தவன். அவளும் அதையெல்லாம் நம்பினாள். இப்படி ஒருவன் போகாவிட்டால் வேறு யார்தான் போவது?

"உன் வீட்டுக்காரன் இன்னைக்காவது வருவானா? இல்ல, லம்பர்ட் தோள்பட்டைக்கு நான்தான் மறுபடியும் தைலம் தேய்க்கணுமா?" என்று அடுப்பு ஓரத்திலிருந்து கேட்டாள் டோரிஸ் ஷிமெக்.

"நீங்க தேய்ச்சு விடறதா இருந்தா அவன் வரவே வேணாம்" என்றார் பாத்திரத் தொட்டியில் குனிந்திருந்த லம்பர்ட்.

டோரிஸ் அந்தச் சமையலறையை ஆளுகிறவள். அதோடு, மாவட்டத்தில் எதிர்க்கட்சியின் தலைவியும் அவள்தான். வெய்னுக்கு ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை என்பதை அவன் தட்டில் மீன் வைத்துக்கொண்டே அவனிடம் சொல்லுவாள். பாத்திரத் தொட்டி வெய்னுடைய இடம். கல்யாணம் ஆன புதிதில் பிடித்த இடம் அது. செனட்டரான பிறகும், தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை மதியம் வாஷிங்டனில் விமானம் ஏறி சாயங்காலம் தொட்டிக்கு வந்துவிடுவான். இந்த வருஷம்தான் ஒரு வெள்ளிக்கிழமைகூட வரவில்லை. லம்பர்ட் குசேரா ஆபரேஷன் செய்த தோளை வைத்துக்கொண்டு, முனகாமல் அவன் இடத்தில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வருவான். ஐஞ்சு மணிக்குள்ள வந்துடறேன்னான்" என்றாள் பெர்னடெட்.

"வரட்டும். பிரசிடென்ட் ஆகப்போறவன் தேய்ச்ச தட்டுல சாப்பிட்டோம்னு சொல்லிக்கலாம்" என்றார் லம்பர்ட். "விளையாட்டுக்குச் சொல்லல பெர்னா. இவன மாதிரி ஆளுங்க ஒதுங்கிக்கிட்டா, ஒதுங்கத் தெரியாதவனுங்கதான் போய் உக்காருவானுங்க."

டோரிஸ் அதற்கு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவளுடைய ஏப்ரன் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு எண்ணெய்ச் சட்டியை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு, சாலட் மேஜைக்கு வந்து மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

"கைய தொடச்சுக்கோ. இத நீ முதல்ல பாத்துடறது நல்லது."

படம் அன்று மதியம் எடுத்தது. அதிபர் வேட்பாளர்கள் முதலில் ஓட்டுத் தேடிப் போகும் பக்கத்து மாநிலமான அயோவாவில் ஏதோ ஒரு சின்ன ஊர் உணவகம். வெய்ன் இரண்டு கையாலும் ஒரு சாண்ட்விச்சைப் பிடித்திருக்கிறான். பொரித்த பன்றி இறைச்சித் துண்டு ரொட்டிக்கு வெளியே நாலு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கிறது. வாய் நிறைய ஒரு கடி. கண் நேராகக் கேமராவில். 'அயோவாவை ருசிக்கத் தெரிந்தவர்' என்று கீழே யாரோ எழுதியிருந்தார்கள்.

பெர்னடெட் போனைத் திருப்பிக் கொடுத்தாள். மறுபடியும் சாலட்டுக்குள் கையை விட்டாள்.

தவக்கால வெள்ளியில் இறைச்சி தொடக்கூடாது என்பது இந்த ஊரில் பல் முளைத்த குழந்தைக்கும் தெரியும். மறந்து தின்றுவிட்டால் பாவம் இல்லை என்பதும் தெரியும். மறந்திருப்பான். ஒரே நாளில் எத்தனை ஊர், எத்தனை கை குலுக்கல். ஆனால் வெய்ன் மறக்கிறவனா? எந்தப் பண்ணையில் எந்த விதை எந்த வாரம் போட்டார்கள் என்பது இன்றைக்கும் அவன் நாக்கு நுனியில் இருக்கிறது. முன்பு ஒருமுறை, வெள்ளிக்கிழமை நடந்த ஒரு கல்யாண விருந்தில், வெறும் ரொட்டியும் ஊறுகாயும் தின்றுவிட்டு, "ஆடும் போது வயிறு லேசா இருக்கும்" என்று சொல்லி அவளைச் சுற்றிச் சுற்றி ஆடியவன்.

மறந்து தின்றானா, தெரிந்தே தின்றானா? தெரிந்தே என்றால், அங்கே நின்றிருந்தவர்களின் ஓட்டுக்காகவா? இதைத் தெரிந்துகொள்ளாமல் அவளால் சரி என்று சொல்ல முடியாது. முட்டைக்கோஸில் உப்புப் போட்டோமா என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. மறுபடியும் போட்டாள்.

சுவரில் மாட்டியிருந்த கூடத்துத் தொலைபேசி அடித்தது. பக்கத்தில் இருந்த டோரிஸ்தான் எடுத்தாள்.

"ஆமா, மீன் விருந்துதான் நடக்குது... எந்தப் பத்திரிகை?... ஓ." அவள் குரல் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டது. "ஆமா, நான் டோரிஸ் ஷிமெக்தான். அந்தக் கட்சிதான்... பாத்தேன், பாத்தேன்."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. அந்த நேரம் பார்த்துப் பின்பக்கக் கதவு திறந்தது. குளிர்காற்றோடு வெய்ன் வாசலில் நின்றான். அவனுக்குப் பின்னால், கேமராவைத் திறந்து வைத்த போனைக் கையில் பிடித்தபடி, ஆலோசகர் விட்னி ஆஷ்பி. டோரிஸ் முதுகைக் காட்டிக்கொண்டிருந்ததால் அவர்களைப் பார்க்கவில்லை.

"இங்க யாருக்கும் மனசு புண்படல தம்பி... என்ன? ஊர ஏமாத்தறானான்னா கேக்கறீங்க? அவன் இந்தக் கூடத்துல எத்தனை வருஷமா பாத்திரம் தேய்க்கிறான்னு எனக்குத் தெரியும். அப்பல்லாம் அவன் யார்கிட்டயும் ஓட்டுக் கேக்கல. பசியில ஏதோ தின்னுட்டான். அவன் போடற சட்டமெல்லாம் தப்புன்னு நான் நாள் பூரா சொல்றேன், எழுதிக்கோங்க. சாண்ட்விச்சப் பத்தி நான் பேசமாட்டேன்... ஆமா, இதான் முடிவு. வேணும்னா, மீன் நல்லா இருக்குன்னு எழுதுங்க. எட்டு மணி வரைக்கும் போடுவோம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். வெய்னைப் பார்த்தாள்.

"கதவச் சாத்து. எண்ணெய் ஆறிடும்" என்றாள் டோரிஸ்.

விட்னிதான் முதலில் பேசினாள். வாஷிங்டனிலிருந்து வந்தவள், முப்பது வயசு இருக்கும், பொழுது விடிந்ததிலிருந்து காரிலேயே இருந்தவள் என்பது முகத்தில் தெரிந்தது. "செனட்டர், எண்ணெய்ச் சட்டிகிட்ட நின்னீங்கன்னா ஒரு சின்ன வீடியோ எடுத்துடுவேன். மீன் பொரியற மாதிரி. தொட்டிகிட்ட வேணாம், அங்க உங்க முதுகுதான் விழும்."

"லம்பர்ட்டுக்குத் தோள்வலி" என்றான் வெய்ன். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கையை மடித்துக்கொண்டு தொட்டிக்குப் போனான். லம்பர்ட் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு விலகிக்கொண்டார்.

விட்னி பெர்னடெட்டின் பக்கம் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "சாண்ட்விச் விஷயம் உங்கள வருத்தப்படுத்தலையே, மேடம்? அது நல்லாத்தான் போயிட்டிருக்கு. அங்க முக்கால்வாசிப் பேருக்கு வெள்ளிக்கிழமைன்னா வெறும் வெள்ளிக்கிழமைதான். யாராவது கேட்டா, சட்டுனு ஒரு ஜோக் சொல்லிட்டுப் போயிடலாம். எழுதி வெச்சிருக்கேன்."

"நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டாள் பெர்னடெட்.

"அப்புறம் சாப்பிடறேன். திங்கட்கிழமை பத்தி நீங்க..."

"அவன்கிட்ட சொல்லிட்டு உன்கிட்ட சொல்றேன்."

பெர்னடெட் கையைக் கழுவினாள். உலர்ந்த துணி ஒன்றை எடுத்துக்கொண்டு வெய்னுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவன் தேய்த்துக் கொடுக்க, அவள் துடைத்தாள். குழாய்ச் சத்தத்தில் அவர்கள் பேசுவது வேறு யாருக்கும் கேட்காது. அவர்கள் வீட்டின் பெரிய முடிவுகளில் பாதி இந்தத் தொட்டியடியில்தான் எடுக்கப்பட்டிருந்தன. செனட்டுக்கு நிற்பது என்பதைக்கூட இங்கேதான் பேசினார்கள்.

"பாத்தேன்" என்றாள்.

"தெரியும்." அவன் ஒரு தட்டை எடுத்தான். "முதல் கடில எனக்கு ஞாபகம் இல்ல பெர்னா. வாய்க்குள்ள போனப்பதான் பொறி தட்டுச்சு. ஆனா அந்தக் கடைக்காரர் எதிர்லயே நின்னார். எழுபது வயசு. பொண்டாட்டி போனப்புறம் கடைய மூடி வெச்சிருந்தாராம். நான் வரேன்னு திறந்து, அவரே பொரிச்சு, அவரே கொண்டுவந்து வெச்சார். அத எப்படிக் கீழ வைக்கிறது? சட்டத்தவிட அவர் மனசு பெருசில்லையா?"

பெர்னடெட் ஒரு தட்டைத் துடைத்தாள். நல்ல பதில். பங்குச் சாமியாரிடம் சொல்லியிருந்தால் அவரும் தலையாட்டியிருப்பார். தனக்காக அடுப்பு மூட்டியவனின் மனசை நோகடிக்காமல் இருப்பது இறைச்சியை விலக்கும் சுத்த போசனத்தைவிடக் குறைந்த காரியம் இல்லை. 'சரி வெய்ன், போயிட்டு வா' என்று சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் வராது என்று தோன்றியது.

வெய்ன் தேய்ப்பதை நிறுத்தியிருந்தான். கை நுரைக்குள்ளேயே இருந்தது.

"இல்ல" என்றான்.

"என்ன இல்ல?"

"அவர் அங்க நின்னது நிஜம். பொரிச்சதும் நிஜம். ஆனா சாப்பிடறப்ப நான் அவரப் பாக்கல. கேமராவப் பாத்தேன். கீழ வெச்சா வேற மாதிரி படம் வரும்னு நினைச்சேன். முழுசையும் தின்னேன். அந்தப் பெரியவர் நினைப்பு மிசௌரி ஆத்துப் பாலத்துக்கு மேல வரும்போதுதான் வந்துச்சு. உன்கிட்ட என்ன சொல்றதுன்னு யோசிச்சிட்டே வந்தேன். நல்ல காரணமா ஒண்ணு கிடைச்சுது. எவ்வளவு சுலபமா கிடைச்சுது தெரியுமா?"

பெர்னடெட் துணியை மடித்து மடித்துப் பிடித்தாள்.

"டோரிஸ் போன்ல பேசினத நீயும் கேட்ட இல்ல?" என்றான் வெய்ன். "என்னை அடிக்க ஒரு கம்ப அவங்க கையிலயே கொண்டுவந்து குடுத்தாங்க. வாங்கிக்கல. நான் வாசல்ல நிக்கிறது அவங்களுக்குத் தெரியாது. அப்ப எனக்கு லொரெய்ன் பெட்டிஸ் ஞாபகம் வந்துச்சு."

பெர்னடெட்டுக்கு அந்தப் பேர் தெரியும். நாட்டுக்கே தெரியும். விவசாயத் துறைக்குத் தலைமை ஏற்க அதிபர் நியமித்த அம்மாள். வாழ்நாள் முழுதும் பண்ணைக்காரர்களோடு வேலை செய்தவள். அந்த நியமனத்துக்கு ஒப்புதல் தரும் செனட் குழு விசாரணையில் வெய்ன் சோளத்தைப் பற்றி ஏதோ கேட்டான். அவள் விதைப்பு செப்டம்பரில் என்று சொல்லிவிட்டாள். சோளம் வசந்தத்தில் விதைப்பது. வெய்ன் விடவில்லை. "செப்டம்பரிலா, அம்மா?" என்று சிரிக்காமல் மூன்று தடவை கேட்டான். அறையே சிரித்தது. அந்த வீடியோவை நாடு முழுக்கப் பார்த்துச் சிரித்தார்கள். பெட்டிஸ் அம்மாள் பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த வாரத்திலிருந்துதான் வெய்ன் அதிபராக வரலாம் என்ற பேச்சே ஆரம்பித்தது.

"செப்டம்பர்ல போடறது குளிர்காலக் கோதுமை" என்றான் வெய்ன். "அவங்க அதுக்கு முந்தின கேள்வில கோதுமையப் பத்திப் பேசிட்டிருந்தாங்க. அதே நினைப்புல நாக்கு தவறிடுச்சு. அந்த அறைல வேற எவனுக்கும் அது தெரிஞ்சிருக்காது. எனக்குத் தெரியும். விதை வித்தவனுக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் மூணு தரம் கேட்டேன்."

"என்கிட்ட இத நீ சொல்லல."

"அப்பவும் ஒரு காரணம் கிடைச்சிருந்துச்சு. அவங்க கொள்கை தப்பு, வந்தா நம்ம ஆளுங்களுக்குக் கஷ்டம்னு. கொள்கை தப்புதான், இப்பவும் சொல்வேன். ஆனா நான் கொள்கையோட சண்டை போடல."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. பெர்னடெட் கை நீட்டி அதை மூடினாள். இவன் கெட்டவன் இல்லை. கெட்டவன் இதையெல்லாம் சொல்லமாட்டான். இப்படிச் சொல்லத் தெரிந்தவனைத்தான் அனுப்ப வேண்டும் என்று ஒரு மனசு சொன்னது. ஆனால் இதை அவன் எங்கே சொன்னான்? இத்தனை மாசமாகச் சொல்லாமல் இருந்துவிட்டு, தொட்டிக்கு வந்து, நுரையில் கையை விட்ட பிறகுதான் வாய் திறந்தது. இன்றைக்கும் டோரிஸின் குரல் காதில் விழாமல் இருந்திருந்தால், பாலத்தில் கிடைத்த காரணத்தோடே இந்தப் பேச்சு முடிந்திருக்கும். தானும் சரி என்று சொல்லியிருப்பாள்.

"சரின்னு சொல்லத்தான் இன்னைக்கு வந்தேன் வெய்ன்."

"தெரியும்."

"இந்தத் தரம் வேணாம்."

அவன் கையை நுரையிலிருந்து வெளியே எடுத்தான்.

"பன்றிக்கறிக்காக இல்ல. அத சாமி பாத்துப்பார்" என்றாள். "உனக்கு இப்ப ரொம்ப சுலபமா காரணம் கிடைக்குதுன்னு நீயே சொல்ற. அங்க போனா அத எழுதிக் குடுக்கறதுக்கே சம்பளத்துக்கு ஆள் இருப்பாங்க. நீ கேக்கறதுக்கு முன்னாடியே நீட்டுவாங்க. அப்புறம் உனக்கே எது உன் வார்த்தைன்னு தெரியாது. எனக்கும் தெரியாது. எனக்கு அதுதான் பயம். ஜனங்க உன்ன அனுப்பின வேலை இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி இருக்கு. அதப் பாரு. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வா. அப்புறம் மறுபடியும் கேளு. அன்னைக்கு நான் சரின்னு சொன்னாலும் சொல்வேன்."

வெய்ன் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு வலித்தது. அது அவளுக்குத் தெரிந்தது. தெரியாத மாதிரி இருக்கவும் அவள் முயலவில்லை. ஈரக் கையின் மேல் தன் கையை வைத்தாள். ஒரு மனிதனுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தடவை திறக்கும் கதவை அவன் சாத்திக்கொண்டிருந்தான். திரும்பவும் திறக்கும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை.

"பெட்டிஸ் அம்மாவுக்கு நாளைக்குப் போன் பண்றேன்" என்றான் கடைசியில். "வெச்சிடுவாங்கன்னு நினைக்கிறேன்."

"வெச்சா மறுபடியும் பண்ணு. ஆனா போன்ல மட்டும் சொன்னாப் போதாது வெய்ன். சிரிச்சது நாடு பூரா."

அவன் அவளைப் பார்த்தான். முகத்தில் மெல்ல ஏதோ தெளிந்தது. "திங்கட்கிழமைக்குத்தான் மேடை போட்டாச்சே" என்றான்.

தேர்தலுக்கு நிற்கப்போவதில்லை என்பதை விட்னியிடம் அவனே போய்ச் சொன்னான். நின்றபடியே கேட்டாள். திங்கட்கிழமை அதே மேடையில் பெட்டிஸ் அம்மாளைப் பற்றி என்ன பேசப்போகிறான் என்று சொன்னபோதுதான், "செனட்டர், அத யாரும் உங்ககிட்ட கேக்கலையே" என்றாள். பிறகு, கவிழ்த்து வைத்திருந்த ஒரு உருளைக்கிழங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஆறு மாசமாக இவனுக்காக ஊர் ஊராக அலைந்தவள். அவள் கண் கலங்கியிருந்தது.

டோரிஸ் ஒரு தட்டோடு வந்தாள். மீன், சாலட், ஓரத்தில் கசகசாப் பூரணம் வைத்த கொலாச்சி ரொட்டி ஒன்று. அதை விட்னியின் மடியில் வைத்தாள். "முதல்ல சாப்பிடு. வெறும் வயித்துல அழுதா தலை வலிக்கும். மீன் முள்ளு இல்லாததுதான்."

விட்னி ஒரு வாய் சாலட் எடுத்தாள். முகம் ஒரு மாதிரி போனது. "உப்பு..." என்றாள்.

"ரெண்டு தரம் போட்டுட்டேன்" என்றாள் பெர்னடெட். "மன்னிச்சுக்கோம்மா."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்தாள். பிறகு மீனை எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள். நல்ல பசி. அவள் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் டோரிஸ் பக்கத்திலேயே நின்று, அவளுடைய ஊர் எது, அம்மா அப்பா இருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் கூட்டம் குறையத் தொடங்கியது. பெரிய பெரிய தட்டங்கள் தொட்டிக்கு வந்து குவிந்தன. டோரிஸ் ஒன்றைக் கொண்டுவந்து போட்டபோது வெய்ன் திரும்பினான்.

"அந்தப் பத்திரிகைக்காரர்கிட்ட நீங்க ஏன் அப்படிப் பேசினீங்க டோரிஸ்? உங்க கட்சில கேக்க மாட்டாங்களா?"

"கேப்பாங்க. திட்டுவாங்க" என்றாள் டோரிஸ். "உன்ன ஊர் சிரிக்க வெச்சு நீ இங்க வராமப் போயிட்டா அடுத்த வெள்ளிக்கிழமை பாத்திரம் யார் தேய்க்கிறது? லம்பர்ட் தோளுக்கு என்னால தைலம் வாங்கி மாளாது."

"அதனாலதானா?"

"வேற என்ன." தேய்த்து அடுக்கியிருந்த தட்டத்தில் ஒன்றை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். விரலால் ஓரத்தைத் தடவினாள். திரும்பவும் தொட்டிக்குள் போட்டாள்.

"இதுல இன்னும் எண்ணெய் இருக்கு, செனட்டர்."

வெய்ன் குழாயைத் திறந்தான். பெர்னடெட் புதுத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.